பள்ளியிலிருந்து அறிவிப்பு கொட்டுகிறது, பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வருவதில்லை

மலர்விழி:
எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் மூன்றாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. இருவரும் ஒரே ஆரம்பப் பள்ளி. பள்ளியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

எங்களுக்குத் தகவல் வரும் வழிகளைச் சொல்கிறேன். டைரி, வகுப்பு வாட்ஸ்அப் குரூப், ஆபீஸ் எண்ணிலிருந்து தனியாக வரும் மெசேஜ், போன வருடம் எல்லோரும் கட்டாயம் போனில் ஏற்ற வேண்டும் என்று சொன்ன ஒரு ஆப், அப்புறம் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகை. எது எதில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை விடுமுறை மாற்றம் ஆப்பில் வந்தது. அடுத்த தடவை பலகையில் மட்டும் ஒட்டினார்கள். மகன் வகுப்பில் எல்லாமே டைரியில் வரும். மகள் வகுப்பில் டைரியை மிஸ் திறந்து பார்ப்பதாகவே தெரியவில்லை. நான் எழுதி அனுப்பிய குறிப்புக்குக் கீழே கையெழுத்துகூட இல்லாமல் அப்படியே திரும்பி வருகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, "நாளை காலை அட்டைப்பெட்டி, பசை, பழைய செய்தித்தாள் கொண்டுவரவும்" என்று மெசேஜ் வருவது தனிக்கதை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இங்கே எழுத வைத்தது வேறு விஷயம். பருவ முடிவில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போனேன். மகளின் மதிப்பீட்டு அட்டையில் ஒரு கட்டத்தில் "வாசிப்புப் பயிற்சிக் குழு" என்று எழுதியிருந்தது. என்ன இது என்று கேட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைத் தினமும் ஒரு பீரியட் வேறு அறைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கிறார்களாம். எப்போதிலிருந்து என்றால், பருவம் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார் மிஸ். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அதற்கு மேல் பேச முடியவில்லை.

மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள்தான். "நான் வேற ரூமுக்குப் போவேன், அங்க படம் போட்ட அட்டை இருக்கும்" என்பாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் எப்படிச் சொல்லத் தெரியும்? அவளுக்கு உதவி கிடைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றிதான். ஆனால் ஒரு பருவம் முழுக்க வீட்டில் அவளோடு உட்கார்ந்து படித்திருக்கலாம். கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அந்த நாட்கள் போய்விட்டன. அட்டைப்பெட்டி கொண்டு வா என்று சொல்ல அத்தனை வழி வைத்திருக்கும் பள்ளிக்கு இதைச் சொல்ல ஒரு வழி இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை.

உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் எப்படி? யாராவது பேசிச் சரிசெய்ய வைத்திருக்கிறீர்களா?

தேன்மொழி:
அப்படியே எங்கள் வீட்டுக் கதை. எங்களுக்கு வாசிப்பு இல்லை, கண் பார்வை. நடு வருடத்தில் மகனின் இருக்கையை மாற்றி முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள், கரும்பலகை தெரியவில்லை என்று அவன் சொன்னதால். அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பல மாதம் கழித்துத்தான் கண்ணாடி போட்டோம்.

இரவுப்பணி அப்பா:
நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அந்த வகுப்பு குரூப் முழிக்கும். காலையில் வந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் மெசேஜ். பாதி "நன்றி மிஸ்", மீதி "ஓகே மிஸ்". நடுவில் எங்கேயோ ஒரு வரி, அன்றைக்குப் பள்ளி மதியத்தோடு முடிகிறது என்று. அதைத் தேடி எடுப்பதற்குள் பிள்ளை கிளம்பிப் போயிருப்பான். மனைவியும் வேலைக்குப் போகிறவர். மதியம் வாசலில் யாரும் இல்லாமல் அவன் நின்ற நாளை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கணினிக்காரன்:
மலர்விழி அக்கா, ஆபீஸ் எண்ணிலிருந்து தனியாக வரும் மெசேஜ் பற்றி ஒரு விஷயம். பல பள்ளிகள் அதை வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) வழியாக அனுப்புகின்றன. அனுப்புகிறவரின் எண்ணை நம் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் அந்த மெசேஜ் நமக்கு வரும். சேமிக்காதவர்களுக்கு வரவே வராது. எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம் என்று அவர்கள் இருப்பார்கள், எதுவுமே வரவில்லை என்று நாம் இருப்போம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அந்த ஆபீஸ் எண் உங்கள் போனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் குரூப்பில் பாதியில் சேர்ந்தவர்களுக்கு அதற்கு முந்தைய மெசேஜ்கள் வழக்கமாகத் தெரியாது. பருவத்தின் நடுவில் பள்ளி மாறி வந்த பிள்ளையின் பெற்றோருக்குத் தேர்வு அட்டவணை கிடைக்காமல் போவது இப்படித்தான்.

இரவுப்பணி அப்பா சொன்ன சத்தத்துக்கும் வழி இருக்கிறது. அட்மின் மட்டும் எழுதும்படி குரூப்பை மாற்றும் வசதி 2018லேயே வந்துவிட்டது. அறிவிப்புக்கு ஒரு குரூப், பேச்சுக்கு ஒரு குரூப் என்று பிரித்தால் பாதிப் பிரச்சினை தீரும். "யார் யார் வருகிறீர்கள்" என்ற கேள்விக்கு 2022இல் வந்த கருத்துக்கணிப்பு வசதி போதும், ஆளுக்கொரு பதில் போட வேண்டியதில்லை.

மலர்விழி:
கணினிக்காரன் தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு வகுப்புத் தாய்மார்கள் சிலரிடம் விசாரித்தேன். ஆபீஸில் இந்த வருடம் புது எண் வாங்கியிருக்கிறார்கள். அந்த எண் எங்களில் ஒருவரிடமும் இல்லை. பழைய எண்ணைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறோம். எண் மாறியதைச் சொல்லும் மெசேஜையும் புது எண்ணிலிருந்தே அனுப்பியிருக்கிறார்கள்! ஆயா ஒருவர்தான் சொன்னார். இப்போது எல்லோரும் சேமித்துக்கொண்டோம்.

நிலவன்:
எண், ஆப், குரூப் எல்லாம் சரி. உயிர் விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் இரண்டாம் வகுப்பு. விளையாட்டு நேரத்தில் ஏணிக் கம்பியிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடி. பள்ளியில் ஐஸ் வைத்துவிட்டு வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். யாரும் போன் செய்யவில்லை, டைரியில் எழுதவில்லை. இரவு தலைவாரும்போது வீக்கம் கையில் தட்டுப்பட்டுத்தான் என் மனைவிக்குத் தெரிந்தது. அப்போதுதான் பிள்ளை, "மத்தியானம் விழுந்தேன்" என்கிறாள்.

தலையில் அடிபட்டால் அந்த நிமிடமே எல்லாம் தெரிந்துவிடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம் இதெல்லாம் சில மணி நேரம் கழித்தும் வரும், மறுநாளும் வரலாம். அதனால்தான் முதல் ஒரு நாள் முழுக்கக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அடிபட்டதே தெரியாத பெற்றோர் எதைப் பார்த்துக்கொள்வார்கள்? மத்தியானம் விழுந்த பிள்ளை சாயங்காலம் சோர்ந்து படுத்தால், விளையாடிய களைப்பு என்று தூங்கவிட்டிருப்போம். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிகளில் தலையில் லேசாக இடித்துக்கொண்டால்கூட அன்றைக்கே வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்புவது வழக்கம். எந்த நேரத்தில் நடந்தது, என்ன செய்தோம், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

நாங்கள் அன்றிரவே மருத்துவமனைக்குப் போனோம், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பள்ளியில் கேட்டதற்கு, "சின்ன அடிதானே சார், உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு பார்த்தோம்" என்றார்கள். சின்ன அடியா பெரிய அடியா என்று முடிவு செய்யும் உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தது?

ஆரம்பப்பள்ளி ஆசிரியை:
நான் வேறு ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. இந்த இழையைப் படிக்கும்போது மனசு கனக்கிறது. நிலவன் சார் சொன்னதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. தலையில் அடி என்றால் போன் செய்தே ஆக வேண்டும். அதைச் செய்யாதது தவறு.

மற்றதில் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்ற தகவல் எங்களுக்கே கடைசி பீரியடில்தான் வரும். ஆபீஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். பிள்ளைகளை வண்டியில் ஏற்றி, நோட்டுத் திருத்தி, வீட்டுக்குப் போய்ச் சொந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து டைப் செய்யும்போது இரவாகிவிடும். பல பள்ளிகளில் வகுப்பு ஆசிரியர் தானாக எதையும் அனுப்பக் கூடாது. தலைமையாசிரியர் பார்த்து ஒப்புதல் கொடுத்த வாசகம்தான் போக வேண்டும். அவர் கூட்டத்தில் இருந்தால் அது அங்கேயே நிற்கும்.

குரூப்பை ஏன் பூட்டி வைக்கிறோம் தெரியுமா? ஒரு பையன் இன்னொரு பையனைக் கடித்துவிட்டான் என்று ஆரம்பித்து, இரண்டு குடும்பமும் நள்ளிரவு வரை குரூப்பில் சண்டை போட்டார்கள். இரண்டு பிள்ளைகளின் பெயரும் எல்லோர் போனிலும் நின்றுவிட்டது. மறுநாள் அந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களுக்குத்தான் ஆறவில்லை.

மலர்விழி அவர்களின் மகள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை பின்தங்கியிருக்கிறாள் என்று எழுதி அனுப்பக் கை வராது. எல்லா வீடும் உங்கள் வீடு மாதிரி இல்லை. "எழுத்துக்கூட்டத் திணறுகிறான், வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள்" என்று நான் டைரியில் எழுதினேன். மறுநாள் அந்தப் பிள்ளை முழங்காலுக்குக் கீழே தழும்போடு வந்தான். அன்றைக்கு அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம் இப்படிப்பட்ட விஷயத்தை நான் டைரியில் எழுதுவதில்லை. பெற்றோரை நேரில் வரச் சொல்லித்தான் பேசுகிறேன். வரச் சொன்னாலும் வராத பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்ல முடியாமலே பருவம் முடிந்துவிடும்.

மலர்விழி:
டீச்சர், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அடிக்கிற வீட்டுக்குப் பயந்து அடிக்காத வீட்டுக்கும் சொல்லாமல் விட்டால், பிள்ளைக்கு உதவக்கூடிய வீடும் கை கட்டி நிற்கிறதே. நேரில் கூப்பிட்டுச் சொல்லும் வழி நல்ல வழி. எங்கள் மிஸ் என்னைக் கூப்பிட்டிருந்தால் அன்றே லீவு போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

செழியன்:
என் நிலைமை வேறு. நானும் மனைவியும் பிரிந்து வாழ்கிறோம். வாரக் கடைசியில் மகன் என்னிடம் இருப்பான். பள்ளிப் பதிவேட்டில் முதல் தொடர்பு எண்ணாக அம்மாவின் எண்தான் இருக்கிறது, அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. என் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், "வீட்டுக்கு ஒரு எண்தான் சார் ஆப்பில் போகும்" என்கிறார்கள். ஆண்டு விழாவில் அவன் மேடை ஏறியதை வேறு ஒரு பையனின் அப்பா போட்ட வீடியோவில் பார்த்தேன்.

பிள்ளையை வளர்ப்பதில் தாய்க்கும் தந்தைக்கும் பொதுப் பொறுப்பு உண்டு என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையே சொல்கிறது. 1989இல் வந்தது, 18ஆவது பிரிவு. நான் சட்டம் பேசி யாரோடும் மல்லுக்கட்ட வரவில்லை. ஆப்பில் இரண்டாவது எண்ணுக்கு ஒரு கட்டம் வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

குறிஞ்சி:
செழியன் அண்ணா சொன்ன இரண்டாவது எண் பிரிந்தவர்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் வேண்டும். பிள்ளையைக் கூட்டி வருவது என் மாமியார். மெசேஜ் வருவது என் போனுக்கு. வேலை இடத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அத்தையிடம் இருப்பது பட்டன் போன். நீங்கள் எல்லோரும் ஆப், குரூப், கருத்துக்கணிப்பு என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக்கு வேலை செய்வது பிள்ளையின் பையில் பின் போட்டு வரும் காகிதம்தான். அத்தை தமிழ் நன்றாகப் படிப்பார். இந்த வருடம் காகிதம் வேண்டாம், எல்லாம் போனில்தான் என்று நிறுத்திவிட்டார்கள். அதில் வெட்டப்பட்டது என் அத்தை மாதிரி ஆட்கள்தான்.

ஆய்வுப்பிரியை:
குழந்தைக் கல்வி படித்தவள் என்பதால் இதில் எனக்குத் தெரிந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். மலர்விழி கேட்பதற்கு நேரடியாகப் பொருந்தும்.

மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்து 2015இல் வெளியிட்டார்கள். பாடத்தில் தோற்று, கோடை வகுப்பில் மறுபடி படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு, ஆசிரியர் வாரம் ஒரே ஒரு வரி அனுப்ப வேண்டும். பொதுத் தகவல் கிடையாது, அந்த மாணவனைப் பற்றிய வரி. அனுப்பாத பக்கம் 15.8 சதவீதம் பேர் பாடத்தை முடிக்காமல் தோற்றார்கள். அனுப்பிய பக்கம் அது 9.3 ஆகக் குறைந்தது. என்ன நன்றாகச் செய்தான் என்று எழுதியதைவிட, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதியது அதிகம் பலன் கொடுத்தது. அவர்கள் பெரிய பிள்ளைகள், ஆரம்பப் பள்ளிக்கு இதே எண்கள் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு வரி ஆசிரியருக்குப் பெரிய சுமையும் இல்லை.

இன்னொன்று சின்னப் பிள்ளைகளைப் பற்றியது. சான்பிரான்சிஸ்கோவில் பள்ளிக்கு முந்தைய வகுப்புப் பெற்றோருக்கு வாரம் மூன்று குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஒன்றில் எழுத்தறிவு பற்றிய ஒரு தகவல், ஒன்றில் வீட்டில் செய்யும் ஒரு சின்ன வேலை, ஒன்றில் ஊக்கம். பெற்றோர் பிள்ளைகளோடு உட்காருவது கூடியது, பிள்ளைகளின் எழுத்தறிவும் கூடியது. அப்புறம் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தார்கள். பெற்றோர் வீட்டில் செய்வதை வைத்துப் பார்த்தால், வாரம் ஒன்று அனுப்பியது மூன்று அளவுக்கு வேலை செய்யவில்லை. ஐந்து அனுப்பியதும் மூன்றைவிடக் குறைவாகத்தான் வேலை செய்தது. மெசேஜ் கூடக்கூடப் பெற்றோர் நன்றாகக் கவனிப்பார்கள் என்பது உண்மை இல்லை. எங்களுக்கு நிறைய அனுப்புங்கள் என்று பள்ளியிடம் கேட்காதீர்கள். பிள்ளையைப் பற்றி அனுப்புங்கள் என்று கேளுங்கள்.

இரவுப்பணி அப்பா:
இதுதான் சரியான பேச்சு. கடைசி வரியை எங்கள் தலைமையாசிரியர் மேசையில் ஒட்ட வேண்டும்.

தேன்மொழி:
எல்லாம் சரி, ஆனால் யார் போய்ப் பேசுவது? எங்கள் வகுப்பில் ஒரு அம்மா மட்டும் போய்க் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து, "உங்க அம்மா கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்கல்ல" என்று பிள்ளையிடமே சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்தது. அதைப் பார்த்த பிறகு எங்களில் யாருக்கும் வாய் திறக்கத் தைரியம் இல்லை.

ஆரம்பப்பள்ளி ஆசிரியை:
தேன்மொழி, அப்படி ஒரு பிள்ளையிடம் பேசியது மன்னிக்க முடியாதது. அதே சமயம் பயந்து பேசாமல் இருக்கவும் வேண்டாம். பள்ளிக்குள் இருப்பவளாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காலையில் வாசலில் நிறுத்திக் கேட்காதீர்கள். பிள்ளைகள் உள்ளே வரும் நேரத்தில் எங்கள் கண் உங்கள் மேல் இருக்காது. அவசரத்தில் ஒரு பதில் வரும், அது உங்களைப் புண்படுத்தும். ஒருவர் போவதைவிட நான்கைந்து பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் நல்லது, எந்தப் பிள்ளையின் அம்மா என்று தனியாகத் தெரியாது. ஆசிரியரின் பெயரைப் போட்டுக் குறை எழுதாதீர்கள். எந்த வழியில் தகவல் வர வேண்டும், எத்தனை நாளுக்கு முன்னால் வர வேண்டும் என்று ஏற்பாட்டைப் பற்றி எழுதுங்கள். தலைமையாசிரியர் அதை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தால் எங்களுக்கும் அது உதவிதான். கடைசி பீரியடில் துண்டுச் சீட்டு வருவது நின்றால் முதலில் கும்பிடுவது நானாக இருப்பேன்.

மலர்விழி:
டீச்சர் சொன்னபடியே செய்தோம். இரண்டு வகுப்பிலிருந்தும் பெற்றோர் சேர்ந்து கடிதம் எழுதினோம். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் பிள்ளைகளுக்காக நீங்களும் ஆசிரியர்களும் எடுக்கும் அக்கறைக்கு நன்றி. பள்ளியிலிருந்து வரும் தகவல்கள் எங்களுக்கு முழுமையாகவும் நேரத்திலும் கிடைக்கக் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைக் கேட்டுக்கொள்கிறோம். பள்ளியின் அறிவிப்புகள் எல்லாம் எந்த ஒரே வழியில் வரும் என்று முடிவு செய்து எங்களுக்குத் தெரிவிக்கவும். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு அதே அறிவிப்பைக் காகிதத்தில் கொடுத்தனுப்பவும். பிள்ளைகள் பொருள் கொண்டுவர வேண்டியிருந்தால் மூன்று பள்ளி நாட்களுக்கு முன்பே சொல்லவும். ஒரு பிள்ளைக்கு இரண்டு தொடர்பு எண்களைப் பதிவு செய்ய அனுமதிக்கவும். பிள்ளைக்கு அடிபட்டால் அன்றே, தலையில் அடிபட்டால் உடனே போனில் தெரிவிக்கவும். பிள்ளையைப் பயிற்சிக் குழுவில் சேர்த்தாலோ இருக்கையை உடல்நலக் காரணத்துக்காக மாற்றினாலோ ஒரு வாரத்துக்குள் பெற்றோரை நேரில் அழைத்துச் சொல்லவும். ஆசிரியருக்கு எழுதும் குறிப்புக்கு இரண்டு பள்ளி நாட்களுக்குள் பதில் கிடைக்க ஏற்பாடு செய்யவும். எங்கள் பக்கம், இரவில் ஆசிரியர்களை அழைக்க மாட்டோம், வகுப்புக் குழுவில் எந்தப் பிள்ளையின் பெயரையும் போட்டு விவாதிக்க மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம்."

கடைசியில் உள்ள இரண்டு உறுதிமொழியும் ஆசிரியை எழுதியதைப் படித்த பிறகு சேர்த்தது. தலைமையாசிரியர் கடிதத்தை நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். அந்த இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்தார், எங்களையும் உட்காரச் சொன்னார்.

முடிவைச் சொல்கிறேன். அறிவிப்பு எல்லாம் இனி ஆப்பில். அவசரம் என்றால் மட்டும் அட்மின் எழுதும் குரூப். கேட்கிற வீட்டுக்குக் காகிதம் உண்டு, குறிஞ்சியின் அத்தை மாதிரி எங்கள் பள்ளியிலும் சில பாட்டிமார் இருக்கிறார்கள் என்றதும் உடனே சம்மதித்தார். மூன்று நாள் முன்னறிவிப்புக்கு, முடிந்தவரை பார்க்கிறோம் என்றார். இரண்டாவது எண்ணுக்கு ஆப் நிறுவனத்திடம் கேட்க வேண்டுமாம், அதுவரை ஆபீஸ் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். பயிற்சிக் குழுவில் சேர்ப்பதற்கு முன்பே இனி பெற்றோரைக் கூப்பிடுவோம் என்று அவராகவே சொன்னார், நாங்கள் கேட்டதைவிட அதிகம்.

மறுத்தது ஒன்றைத்தான். இரண்டு நாளுக்குள் பதில் என்பதை எழுத்தில் தர முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆசிரியர்கள் மேல் இன்னொரு கெடு வைக்க மாட்டேன் என்கிறார். அடிபட்டால் சொல்வதற்கு என்ன படிவம் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

நிலவன்:
மறுத்ததை விடக் கூடாது சகோதரி. பதில் வராத குறிப்புதானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம். உங்கள் டைரி வெறுமையாகத் திரும்பி வந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மலர்விழி:
விட மாட்டேன் அண்ணா. ஆனால் அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் தெரிகிறது. ஒரு வகுப்பில் அத்தனை பெற்றோரும் தினம் எழுதினால் ஒரே ஆள் என்ன செய்வார்? டீச்சர், இதை வேறு மாதிரி கேட்க வழி இருக்கிறதா?

ஆரம்பப்பள்ளி ஆசிரியை:
இருக்கிறது. ஆசிரியருக்குக் கெடு வைக்காமல் நேரம் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் பள்ளி முடிந்ததும் அரை மணி நேரம், இந்த வகுப்பு ஆசிரியரை இந்த அறையில் பார்க்கலாம், அல்லது இந்த எண்ணில் பேசலாம் என்று. அந்த நேரத்தில் எங்களுக்கு வேறு கூட்டமோ பதிவேட்டு வேலையோ கொடுக்கக் கூடாது, அதைத் தலைமையாசிரியர்தான் உறுதி செய்ய வேண்டும். எங்கள் பள்ளியில் இப்படி ஒரு நேரம் வந்த பிறகு இரவு மெசேஜ்கள் குறைந்தன. வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோருக்கும் ஒரு நிம்மதி. அப்புறம் டைரிக் குறிப்புக்குப் பதில் எழுத நேரம் இல்லாவிட்டாலும், பார்த்தேன் என்று தேதியோடு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள்.

செழியன்:
இரண்டாவது எண் ஆபீஸ் நோட்டில் என்றாலும் எனக்கு அது பெரிய விஷயம். எங்கள் பள்ளியிலும் அதே மாதிரி கேட்டிருக்கிறேன். திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தேன்மொழி:
கடிதத்தை எங்கள் வகுப்புத் தாய்மார்களுக்கு அனுப்பிவிட்டேன். ஆறு பேர் கையெழுத்துப் போடத் தயார். பெயரை வட்டமாக எழுதிப் போடலாமா என்று ஒருவர் கேட்கிறார், யார் முதலில் போட்டது என்று தெரியாமல் இருக்க. செய்யலாம் இல்லையா?

மலர்விழி:
தாராளமாகச் செய்யுங்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை, நல்ல யோசனை. டீச்சர், வாரம் ஒரு நேரம் என்பதை வருகிற கூட்டத்தில் கேட்கிறேன். மிஸ்ஸிடம் மகளைப் பற்றி நேரில் பேசியாயிற்று. அவர் வைத்திருக்கும் வாசிப்புப் பதிவைக் காட்டினார். குறில் நெடில் குழம்புகிறது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வரும் இடத்தில் நிற்கிறாள், மற்றபடி நன்றாக வருகிறாள். வெள்ளிக்கிழமைதோறும் எந்த எழுத்தில் நின்றாள் என்று டைரியில் எழுதி அனுப்புவதாகச் சொல்லி, முதல் வாரம் எழுதியும் அனுப்பினார். "கெ, கே இன்னும் மாறுகிறது. கேள்வி, கெண்டை படிக்கச் சொல்லவும்." இதைத்தான் நான் இத்தனை நாள் தேடினேன்.

நிலவன்:
அடிபட்டால் கொடுக்கும் படிவத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று உங்கள் தலைமையாசிரியர் சொன்னதால் நானே ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், அரைப் பக்கம்தான். பிள்ளையின் பெயரும் வகுப்பும், அடிபட்ட நேரம், இடம், எப்படி விழுந்தது, உடம்பில் எங்கே அடி, என்ன முதலுதவி செய்தோம், பார்த்த ஆசிரியர் யார், வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தோம், யார் எடுத்தார்கள். கீழே, தலையில் அடி என்றால் மட்டும்: வாந்தி, கூடும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சுக் குழறல், நடை தள்ளாடுவது இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவும். எங்கள் பள்ளியில் ஒரு கட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் கடிதத்தோடு இதையும் சேர்த்துக் கொடுங்கள் சகோதரி.